கொம்பனித் தெரு: வாய்மொழியும் வரலாறும்

2023 ஆம் ஆண்டிலே கொம்பனித் தெருவின் ஆங்கிலப் பெயர் அரசின் அறிவுறுத்தலால் மாற்றப்பட்டது. அடிமைத் தீவு எனப் பொருள்படும் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்னும் பெயர் இனி வழங்கலாகாதென்றும், ஆங்கிலத்திலும் சிங்களப் பெயராகிய 'கொம்பஞ்ஞ வீதிய' என்பதே எழுதப்படல் வேண்டுமென்றும் தீர்மானிக்கப்பட்டது. அந்நிய ஆட்சியாளர் இட்டுச் சென்ற இழிபெயரொன்று ஒழிந்ததென மகிழ்ந்தோர் பலர். அம்மகிழ்ச்சியில் நியாயம் உண்டு. ஆயின் அப்பெயர் அகலுமுன்னரே அப்பெயரைத் தாங்கிய ஒழுங்கைகளிலிருந்து நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அகற்றப்பட்டுவிட்டன. பலகையிலிருந்த சொல்லை மாற்றுவதிற் காட்டிய அக்கறையின் சிறு பங்கேனும், அப்பலகையின் கீழ்த் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் தம் ஊரைப்பற்றி யாது சொல்கின்றனர் என்பதைக் கேட்டு எழுதி வைப்பதிற் காட்டப்பட்டதா என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் காரணம்.

கொழும்புக் கோட்டைக்குத் தெற்கே, காலிமுகத் திடலுக்குக் கிழக்கே, பேர வாவியின் கரையைத் தழுவிக் கிடக்கும் சிறு நிலப்பரப்பே கொம்பனித் தெரு. தபாற் பகுப்பிலே அது கொழும்பு 2. தமிழிலும் சிங்களத்திலும் இவ்வூர் அடிமையின் பெயரால் வழங்கியதில்லை. 'கொம்பனி' என்பது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியைக் குறிக்கும் என்பர் சிலர். இங்கு நிலைகொண்டிருந்த மலாயப் படையின் அணிகளைக் குறிக்கும் என்பர் வேறு சிலர். படையணிக்கும் ஆங்கிலத்தில் அச்சொல்லே வழங்குகின்றது. வணிகக் கொம்பனியாயினும் படைக் கொம்பனியாயினும், ஊருக்குப் பெயர் கிடைத்தது அங்கு வாழ்ந்தோரிடமிருந்து அன்று; அவர்களை அங்கே கொணர்ந்து நிறுத்திய அதிகாரத்திடமிருந்து.

அவ்வாறு கொணரப்பட்டோருள் முதல்வர் அடிமைகள். ஆபிரிக்கக் கரையிலிருந்தும் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் தென்னிந்தியக் கரையிலிருந்தும் ஒல்லாந்தர் அடிமைகளைக் கொழும்புக்குக் கொண்டுவந்தனர். இவருள் தமிழரும் இருந்தனர் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1659 முதல் 1661 வரையான ஆண்டுகளிலே தஞ்சைப் பகுதியிற் போரும் பஞ்சமும் தலைவிரித்தாடியபோது, 8,000 முதல் 10,000 வரையான மக்களை ஒல்லாந்தர் சோழமண்டலக் கரையில் விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் ஏற்றினர் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். இவர்களைப்பற்றிய செய்தி கொம்பனியாரின் கணக்கேடுகளில் இருக்கின்றது. தலை எண்ணிக்கையாகவும் விலையாகவும் கப்பலில் மடிந்தோர் தொகையாகவும் இருக்கின்றது. வாங்கியவன் எழுதிய கணக்கு அது. விற்கப்பட்டவன் தன்னைப்பற்றிச் சொன்னதாக ஒரு வாக்கியம் தேடினால் அகப்படுவது அரிது. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது 1844 இல். அதற்குள் அக்குரல்கள் யாவும் மண்ணோடு மண்ணாயின.

எஞ்சியிருப்பது ஒரு கதை. அடிமைகள் ஒருகால் திரண்டெழுந்து தம் எசமானரைக் கொன்றனர் என்றும், அன்று தொட்டு இரவு தோறும் அவர்களை வாவி சூழ்ந்த நிலத்திற் கொண்டுபோய் அடைத்தனர் என்றும், நீந்தித் தப்பாதவாறு வாவியிலே முதலைகளை விட்டனர் என்றும் அக்கதை கூறும். நூல்களிலும் இது காணப்படும். ஊர் முதியோர் வாயிலும் கேட்கலாம். நூலோர் இதனைச் சொல்லும்போது முதலைகளை விரித்துரைப்பர். ஊரவர் சிலர் சொல்லக் கேட்டபோது எழுச்சியே விரிந்தது. முதலைகள் ஒரு வரியில் வந்து போயின. இவ்வேறுபாட்டை நாம் அற்பமாகக் கருதவில்லை. நடந்தது யாது என்பதற்கு இக்கதை எவ்வளவு தூரம் சான்றாகும் என்பது ஒரு கேள்வி. இதனை இன்றும் சொல்லிக்கொண்டிருப்போர் தம் ஊரின் தொடக்கத்தை எவ்வாறு நினைக்க விரும்புகின்றனர் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்கு இக்கதையைவிடச் சிறந்த சான்று இல்லை.

இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ போர்ட்டெல்லி ஆராய்ந்த செய்தியொன்றை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். தெர்னி என்னும் உருக்காலை நகரிலே 1949 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வட அத்திலாந்திக் உடன்படிக்கையில் இத்தாலி சேர்வதை எதிர்த்து ஊர்வலம் சென்ற தொழிலாளர் மீது பொலிசார் சுட்டதில் லூயிஜி திராஸ்துல்லி என்னும் இளந் தொழிலாளி இறந்தான். முப்பது ஆண்டுகளின் பின் போர்ட்டெல்லி அந்நகர மக்களிடம் கேட்டபோது, அவருட் பலர் அவன் இறந்தது 1953 இல், ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலைநீக்கஞ் செய்யப்பட்டபோது நடந்த தெருப் போராட்டத்தில் என்றே கூறினர். ஆண்டு பிழை. ஆயினும் அத்தனை பேரும் ஒரே திசையிற் பிழைத்தமைக்குக் காரணம் இருந்தது. தோழனொருவன் கொல்லப்பட்டபோது தாம் வாளாவிருந்தோம் என்ற உறுத்தலை அவர்களால் தாங்க முடியவில்லை; தாம் எதிர்த்து நின்ற நாளோடு அவன் மரணத்தைச் சேர்த்து வைத்தனர். வாய்மொழியைப் பொய்யென்று ஒதுக்குவோரும், மெய்யென்று அப்படியே விழுங்குவோரும் இவ்வகையான உண்மையைத் தவற விடுவர்.

அடிமைகளின் பின் வந்தோர், ஓரளவு அவர்களோடு உடனிருந்தோர், மலாயர். ஒல்லாந்தர் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து நாடுகடத்திய பிரபுக்களும், அவர்தம் பரிவாரமும், கூலிப்படையினரும் இவருள் அடங்குவர். 1796 இல் ஒல்லாந்தர் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் இப்படையினரைத் தம்பக்கம் சேர்த்துக்கொண்டனர். பின்னர் இலங்கை ரைபிள் படை எனப் பெயர்பெற்ற அது 1873 இற் கலைக்கப்பட்டது. ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா ஒழுங்கை என்னும் பெயர்கள் அக்காலத்தின் எச்சங்கள். படை கலைந்தபின் மலாயர் பொலிசிலும் சிறைச்சாலையிலும் தீயணைப்புப் படையிலும் சேர்ந்தனர். தோட்டங்களுக்குச் சென்றோரும் உளர். வேகந்தைப் பள்ளிவாசல், ஜாவாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட பந்தன் பாலி என்பவரால் 1786 இல் அமைக்கப்பட்டதென்பது வழிவழிச் செய்தி. கொம்பனித் தெருவின் முதன்மை வீதிகளுளொன்று இன்று தாங்கும் பெயர் நீதியரசர் அக்பருடையது. அவரும் மலாயரே. பேராதனையிற் பயின்றோர் அப்பெயரை விடுதியொன்றின் பெயராக மட்டும் அறிந்திருப்பர். பேராதனையோடு இவ்வூருக்கு இன்னுமோர் உறவுண்டு: 1810 இல் ஆங்கிலேயர் இங்கே அமைத்த தாவரத் தோட்டமே 1813 இற் களுத்துறைக்கும் 1821 இற் பேராதனைக்கும் பெயர்ந்தது. லண்டனிலுள்ள கியூ தோட்டத்தின் பெயரை இங்குள்ள கியூ வீதி இன்றும் சுமக்கின்றது.

தமிழ் படித்தோர் இலங்கை மலாயரின் மொழியை ஒருமுறையேனும் செவிமடுத்தல் வேண்டும். மலாயாவிலே 'கொழும்புக்கு' என்பதைச் சொல்ல, ஊர்ப்பெயருக்கு முன்னே ஓர் இடைச்சொல் நிற்கும். இலங்கை மலாயிலே 'கொழும்பு நங்' என வேற்றுமை உருபு போன்று அது பின்னே வந்து ஒட்டும். வினைமுற்று நம் வாக்கியத்திற் போல இறுதியிற் போய் நிற்கும். சொல் மலாய், சொற்கள் நிற்கும் ஒழுங்கு நம்முடையதும் சிங்களவருடையதும். தமிழின் பங்கு எவ்வளவு, சிங்களத்தின் பங்கு எவ்வளவு என மொழியியலார் வழக்காடுகின்றனர். எப்பக்கம் தீர்ப்பாயினும், இலக்கணத்தை மாற்றுமளவுக்கு அயலாரோடு பேசிப் பழகிய ஒரு சமூகத்தின் சரித்திரம் இம்மொழிக்குள் இருக்கின்றது. இத்தகைய சான்று கல்வெட்டில் அகப்படாது. வீட்டு வாசலில் அமர்ந்து கேட்டால் மட்டுமே அகப்படும்.

அவ்வாறு வீடு வீடாகச் சென்றவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார் என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பி. ஏ. ஹுசைன்மியா அவர்கள் 1970 களிலே மலாயக் குடும்பங்களின் பெட்டகங்களிற் கிடந்த கையெழுத்துச் சுவடிகளைத் தேடித் திரட்டினார். அரபெழுத்தில் எழுதப்பட்ட மலாய்க் காவியங்களும் பாடல்களும் சமயநூல்களும் அவற்றால் வெளிவந்தன. 1869 இற் கொழும்பிலே பாபா யூனுஸ் சல்தீன் நடத்திய 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய்ச் செய்தித்தாளும் ஆய்வாளர் கவனத்துக்கு வந்தது. படைவீரரின் கூட்டம் என்று ஆட்சியாளர் எழுதி வைத்த ஒரு மக்கட் பிரிவினர் எழுத்தும் அச்சும் உடையோராயிருந்தனர் என்பது இதனாற் புலனாயிற்று. அவர் அன்று அவ்வீடுகளுக்குச் செல்லாதிருந்தால், பின்னர் வீடு பெயர்ந்தபோது அவற்றுட் பல குப்பையோடு போயிருக்கும்.

இனி, மலாயரோடு நின்றுவிட்டாற் கொம்பனித் தெரு முழுமை பெறாது. கியூ வீதியிலுள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலைச் சூழத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. தென்னிந்தியாவிலிருந்து நகர வேலைக்கு வந்த தொழிலாளர், மாநகரசபையின் துப்புரவுப் பணிக்கென அழைத்து வரப்பட்டோர், மலையாளிகள், சோனக வணிகர், தென்கரையிலிருந்து புகையிரத மார்க்கமாக வந்த சிங்களத் தொழிலாளர், புகையிரதப் பகுதியிலும் அச்சகங்களிலும் வேலைபார்த்த பறங்கியர் என்றின்னோர் யாவரும் சில நூறு யார் அகலத்துக்குள் இருந்தனர். பள்ளிவாசலும் கோயிலும் செபமாலை மாதா தேவாலயமும் நடந்து போகக்கூடிய தூரத்தில் நிற்கின்றன. இதனைக் கண்டு வியந்து, 'சமய ஒற்றுமையின் பூஞ்சோலை' என்று எழுதிவிட்டு அப்பாற் செல்வது எளிது. இவர்களை ஒருங்கே கொணர்ந்தது வேலையும் மலிந்த வாடகையும் ஆகும். துறைமுகத்திலிருந்து கால்வாய் வழியாகப் பேர வாவிக்குத் தட்டைப் படகுகள் சரக்கேற்றி வந்தன. வாவிக் கரையெங்கும் தேயிலைப் பண்டகசாலைகள் நின்றன. 1866 இற் தொடங்கிய ஐஸ் கொம்பனி கிளெனி வீதியில் இயங்கிற்று. பின்னாளில் யானைச் சின்னம் பொறித்த சோடாவும் ஐஸ்கிறீமும் அங்கிருந்தே நாடெங்கும் சென்றன. சுமைதூக்கவும் பெட்டியடிக்கவும் போத்தல் கழுவவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். அவர்கள் நடந்து போகக்கூடிய தூரத்தில் வாழ வேண்டியிருந்தனர். எனவே ஒரு சுவருக்கு இருபுறமும் இரு மொழிகள் குடியிருந்தன.

இம்மக்களிடம் கதை கேட்பதென நாம் சிலர் ஓய்வு நாட்களிற் செல்லத் தொடங்கியபோது, முதற் சந்திப்பில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "நாங்கள் இங்கே ஒற்றுமையாக இருந்தோம்." நோன்புக் காலத்திற் கஞ்சி எல்லா வீட்டுக்கும் போகும், தீபாவளிப் பலகாரமும் நத்தார்க் கேக்கும் திரும்பி வரும், வெசாக் கூட்டை எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கட்டுவர். இவை பொய்யல்ல. ஆயின் வந்தவரை வரவேற்க முன்விறாந்தையிலே போட்டுவைக்கும் நாற்காலியைப் போன்றவை இவை. நம் முற்போக்கு நண்பர்களுக்கு இந்த நாற்காலியிலேயே அமர்ந்துவிட்டுத் திரும்பும் பழக்கம் உண்டு. அவர்கள் தேடி வந்த வாக்கியம் அங்கேயே கிடைத்துவிடுகின்றது.

மூன்றாம், நான்காம் சந்திப்புகளில் வேறு செய்திகள் வந்தன. பெரும்பாலும் பெண்களே அவற்றைச் சொன்னார்கள். ஆண்களிடம் ஊரைப்பற்றிக் கேட்டால் உதைபந்தாட்டக் கழகங்களும் படமாளிகையும் தேர்தற் சண்டைகளும் வரும். பெண்களிடம் கேட்டால் தண்ணீர் வரும். ஒரு தோட்டத்துக்கு ஒரு பொதுக்குழாய் இருந்த காலத்திலே அதிகாலை மூன்று மணிக்கு வாளி வைப்பவர் யார், யாருடைய வாளியை நகர்த்தலாம், யாருடையதை நகர்த்தலாகாது, துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பெண் குழாயைத் தொட்டால் முகஞ் சுளித்தவர் யார் என்பன அவர்களுக்குத் துல்லியமாக நினைவிருக்கின்றன. சாதி இங்கேயும் வந்திருந்தது. கடல் கடந்து, நகரத்தின் பொதுக்குழாய் வரைக்கும் வந்திருந்தது. அதே பெண்கள்தாம் சீட்டுப் பிடித்த கதையையும் சொன்னார்கள். சீட்டிலே தமிழச்சியும் மலாயப் பெண்ணும் சிங்களப் பெண்ணும் சேர்ந்திருந்தனர். ஏனெனில் வட்டிக்காரனிடம் போகாதிருக்க அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. யாரை நம்பிச் சீட்டிற் சேர்க்கலாம் என்பதற்கு அவர்கள் வைத்திருந்த அளவுகோலில் இனமும் மதமும் இடம்பெறவில்லை. கணவன் குடிப்பானா என்பது இடம்பெற்றது.

1983 ஜூலையைப்பற்றி எவரும் தாமாகத் தொடங்குவதில்லை. தொடங்கினால், யார் வீட்டில் யார் ஒளிந்திருந்தனர் என்பது முதலில் வரும். எரிந்த கடைகள் பின்னர் வரும். எரித்தவரைப்பற்றிய பேச்சு வாசலைச் சாத்திய பின் வரும். 'வெளியாட்கள்' என்பதே பொதுவான விடை. அவ்விடை பெருமளவு உண்மையாயிருக்கலாம். ஆயினும் எந்த வீடு யாருடையது என்று வெளியாளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் வெளியாளாயிருக்க முடியாது என்று ஒருவர் மெல்லச் சொன்னார், சொன்னவர் தொடரவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய மாதங்களிலே முஸ்லிம் குடும்பங்கள் அடைந்த அச்சத்தைக் கேட்டபோதும் இதே மௌனத்தைக் கண்டோம். இத்தகைய இடங்களில் எழுதுகோலை மூடிவைக்கத் தெரியாதவன் இப்பணிக்குத் தகுதியற்றவன். சொல்லியவர் மறுநாளும் அதே ஒழுங்கையில் வாழவேண்டியவர்.

இதுவரை கூறியவற்றைப் பழங்கதை விரும்பிகளின் பொழுதுபோக்கு என்று கொள்வோர் இருப்பின், அவர்கள் இவ்வூரின் அண்மை வரலாற்றை நோக்குதல் வேண்டும். போர் முடிந்த மறு ஆண்டாகிய 2010 இலே நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திலேயே மியூஸ் வீதியில் வீடுகள் படையினர் காவலுடன் இடிக்கப்பட்டன. பின்னர் ஜாவா ஒழுங்கையிலும் அதனையடுத்த பகுதிகளிலும் இருந்தோர் அகற்றப்பட்டனர். அந்நிலம் தனியார் கட்டட முயற்சிக்கு விடப்பட்டது. கொழும்பு முழுவதிலும் ஏறத்தாழ 68,000 குடும்பங்கள் 'வசதி குறைந்த குடியிருப்புகளில்' வாழ்வதாகவும், அவர்களை மாடிவீடுகளுக்கு மாற்றினால் பெறுமதிமிக்க நிலம் விடுபடும் எனவும் திட்டமிடப்பட்டது. சேரி ஒழிப்பு என்பது அதற்கு வைத்த பெயர்.

கொம்பனித் தெரு சேரியா என்பது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. சேரியாயின் அங்கிருப்போர் அத்துமீறிக் குடியேறியோர். அவருக்குக் கொடுப்பது கருணை. ஊராயின் அங்கிருப்போர் உரிமையாளர். அவரிடமிருந்து எடுப்பதற்கு இழப்பீடு வேண்டும். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014 இலும் 2015 இலும் வெளியிட்ட அறிக்கைகள், அகற்றப்பட்டோருட் பலர் உறுதி உடையோர் என்பதையும் பல தலைமுறையாக அங்கிருந்தோர் என்பதையும் எடுத்துக்காட்டின. நம்மோடு பேசியோரும் கதையின் நடுவே எழுந்து சென்று தகரப் பெட்டியொன்றைக் கொண்டுவந்தார்கள். உறுதி, மாநகரசபைக்குக் கட்டிய சோலைவரிப் பற்றுச்சீட்டு, பாட்டனின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், அரிசிக் கூப்பன் புத்தகம், தண்ணீர்க் கட்டணச் சிட்டை, வாக்காளர் இடாப்பின் பிரதி. வீட்டில் வெள்ளம் ஏறினாலும் முதலில் உயர்த்தி வைக்கப்படும் பெட்டி அது. எழுத்தறிவு குன்றியவர் என்று நாம் கருதும் மூதாட்டியொருவர் எந்தத் தாள் எதற்கென்று தடவிப் பார்த்தே எடுத்துத் தந்தார். வாய்மொழியும் ஆவணமும் வெவ்வேறு என்று வகுப்பறையிற் கற்பிக்கின்றோம். அவ்வீட்டில் ஒன்றின்றி மற்றொன்றை விளங்கிக்கொள்ள முடியாது.

இவ்வுறுதிகளுக்குப் பின்னால் இடதுசாரி இயக்கத்தின் வரலாறும் ஒரு பகுதி உண்டு. ஐக்கிய முன்னணி அரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சராயிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் பீற்றர் கெனமன் 1973 இற் கொண்டுவந்த வீட்டாதன உச்சவரம்புச் சட்டத்தால், கொழும்பின் தொடர்வீடுகளில் வாடகைக்கிருந்த பலர் தாம் வாழ்ந்த வீட்டின் உரிமையை அடையும் வழி பிறந்தது. அவர் ஒரு பறங்கியர் என்பதும், அச்சட்டத்தாற் பயன்பெற்றோரில் எல்லா இனத்தவரும் இருந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கன. இலங்கையின் இடதுசாரிகள் எழுதிய தம் வரலாற்று நூல்களிலே கட்சிப் பிளவுகளுக்கு ஒதுக்கப்பட்ட பக்கங்கள் எத்தனை! இச்சட்டத்தின் பின் ஒரு தொழிலாளியின் மனைவி முதன்முறையாகத் தன் வீட்டுச் சுவரில் அனுமதி கேளாது ஆணியடித்ததைப்பற்றி எழுதப்பட்டது ஒரு பக்கமேனும் உண்டா? நமக்குத் தெரிந்து இல்லை.

அகற்றப்பட்டோரிற் சிலர் வாடகைப் பணம் பெற்று வேறிடம் தேடிப்போயினர். சிலர் தெமட்டகொடை, வனாத்தமுல்லைப் பக்கத்து மாடிகளுக்கு அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 400 சதுர அடி கொண்ட அவ்வீடுகளுக்கென 10 இலட்சம் ரூபா வரை ஆண்டுக்கணக்கிற் செலுத்துமாறு பலர் கேட்கப்பட்டனர். உறுதி வைத்திருந்தவன் கடனாளியானான். மாடிக்குப் போனபின் வசதி பெருகியது என்றவர்களையும் நாம் சந்தித்தோம்; குளியலறை தனக்கென ஒன்று வாய்த்ததைப் பெரும்பேறாகச் சொன்ன இளம் பெண்ணின் கூற்றை, நம் கருத்துக்கு ஒவ்வாது என்பதற்காக விட்டுவிட முடியாது. ஆயின் வாசலில் ஆப்பமும் இடியப்பமும் சுட்டு விற்றுக் குடும்பம் நடத்தியவள் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பாள்? கொம்பனித் தெருவின் மாலைநேரக் கடைகளிலே பாபத்தும் பஸ்தோலும் வாங்கியோர், அவற்றைச் சமைத்த கைகள் எந்த ஒழுங்கையில் இருந்தன என்பதை அறியார்.

ஊர் கலைந்தபின் அதன் கதைக்கு விலை ஏறியிருக்கின்றது. ஐஸ் கொம்பனி நின்ற பக்கத்தில் இன்று சூதாட்ட மண்டபத்தோடு கூடிய பெருவிடுதித் தொகுதி நிற்கின்றது. 2024 இலும் 2025 இலும் அது படிப்படியாகத் திறக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 165 ஹெக்டேயர் பரந்திருந்த பேர வாவி 65 ஹெக்டேயராகச் சுருங்கிய பின், 'வாவியை நோக்கிய சாளரம்' என்று சதுர அடிக்கணக்கில் விற்கப்படுகின்றது. பழைய வாழ்க்கையின் வண்ணமும் இவ்வாறே விற்கப்படும். விளம்பரத் தாளிலே பல்லினப் பண்பாடு என்று அச்சிடுவதற்கு அங்கே பல்லின மக்கள் இருக்கவேண்டியதில்லை. இதற்கு எதிர்த்திசையில், அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்த ஃபிரி ரஹ்மான் முதலிய இளங் கலைஞர்கள் தம் அயலவரின் முகங்களையும் கதைகளையும் ஓவியமாகவும் வரைபடமாகவும் பதிவுசெய்து 'நாம் இவ்விடத்தவர்' என்ற பொருள்படும் பெயரிலே காட்சிக்கு வைத்தனர். ஊரவர் தாமே செய்த முயற்சியாதலின் அதற்கு ஒரு தனி வலு உண்டு. ஆசிரியரும் மாணவரும் அதற்குத் துணைநிற்க முடியும். அதனைத் தம்முடையதாக்கிக்கொள்ள முயலலாகாது.

இப்பணியில் ஈடுபட விரும்பும் ஆசிரியர் நண்பர்களுக்கு அனுபவத்திற் கண்ட சிலவற்றைச் சொல்லலாம். மாணவர் கையில் வினாக்கொத்தைக் கொடுத்தனுப்புவதிற் பயனில்லை. 'உங்கள் பகுதியின் சிறப்பு யாது?' என்ற வினாவுக்குப் பரீட்சை விடைதான் வரும். முதல் வேலைக்குப் போன நாள், முதற் சம்பளம், வாடகை கேட்டு வந்தவன் பெயர், நோயுற்றபோது தூக்கிச் சென்றவர் யார் என்று கேட்டால் ஊர் தானாகவே வரும். பேசியதைப் பேசியபடியே எழுதல் வேண்டும். தமிழ் படித்த நமக்கு இது எளிதன்று. ஒரே வாக்கியத்தில் தமிழும் மலாயும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து வந்தால், கை தானாகவே அதைத் திருத்தத் துடிக்கும். அவ்வாறு திருத்திய வாக்கியம் இலக்கண சுத்தமாயிருக்கும். அதைச் சொன்னவர் அதற்குள் இருக்கமாட்டார். எழுதியதைச் சொன்னவரிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டல் வேண்டும். வேண்டாமென்று அவர் சொல்லும் பகுதியை அழித்தல் வேண்டும். ஒரு பிரதி அவருடைய பெட்டிக்குள் இருத்தல் வேண்டும். நிலவழக்கு நடக்கும் வீடுகளின் செய்திகளைப் பெயரோடு வெளியிடுதல் கூடவே கூடாது.

இடிக்கப்பட்ட ஒழுங்கையொன்றின் வரைபடத்தை அங்கு வாழ்ந்தோரின் நினைவைக் கொண்டு இப்போது வரைந்துகொண்டிருக்கின்றோம். வீட்டிலக்கம், குடியிருந்தோர், அவர்தம் தொழில், வீட்டில் பேசிய மொழிகள், குழாய் நின்ற இடம், சீட்டுப் பிடித்தவர் வீடு ஆகியவற்றை அதிற் குறிக்கின்றோம். இருவர் ஒரே வீட்டைப்பற்றி இருவேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுகின்றோம். ஒற்றை இலக்கப் பக்கம் பெரும்பாலும் நிறைவெய்திற்று. இரட்டை இலக்கப் பக்கத்தில் வாழ்ந்தோர் தெமட்டகொடையிலும் மட்டக்குளியிலும் வத்தளையிலும் சிதறியிருப்பதால், அவர்களைத் தேடுவதிலேயே வரும் விடுமுறை கழியும்.